நார்மல் சாரின் ரத்தம்

காலை ஏழே முக்காலுக்கு லேபின் ஷட்டர் பாதி ஏறியதும் முதல் குத்து வாங்குவது நோயாளி அல்ல, நார்மல் சார்தான். குத்துவதும் அவரேதான். இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்து, ரப்பர் பட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்து இறுக்கி, வலது கையால் ஊசியைச் செருகி, ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் தன் ரத்தத்தைத் தானே எடுத்துக்கொள்வார். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. பிறகு குழாயை எட்டுத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுண்டரின் ஊசிமுனையில் நீட்டுவார். மெஷின் ஒரு சொட்டை உறிஞ்சிக்கொண்டு, ஒரு நிமிடம் முனகிவிட்டு, எண்களைத் துப்பும். நேற்று வந்த எண்களே இன்றும் வந்தால் மெஷின் நலம். அதன்பிறகுதான் ஊரார் ரத்தம் உள்ளே போகலாம்.

முறைப்படி பார்த்தால் இதற்கென்றே கம்பெனிக்காரர்கள் தரும் ரத்தம் ஒன்று உண்டு. கண்ட்ரோல் என்பார்கள். அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று சீசாவிலேயே அச்சடித்திருக்கும். மெஷினும் அதையே சொன்னால் எல்லாம் சரி. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில் அந்தச் சீசாக்கள் வழியிலேயே ஐஸ் உருகி, வெந்நீர் மாதிரி வந்து சேர்ந்தன. அடுத்த பார்சலுக்கு இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். லேபின் சொந்தக்காரரும் ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடுகிறவருமான டாக்டரம்மா, அதுவரை மெஷினை மூடிவைக்கலாமா என்று யோசித்தார். நார்மல் சார் சட்டையை மடித்தார். தன் ரத்தம் என்றைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதையே வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு வாரம் என்ற பேச்சு பத்து வருடம் ஓடியது. இடையில் வந்த சீசாக்கள் ஃப்ரிட்ஜின் மூலையில் தேதி முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் குப்பைக்குப் போயின. அவருக்கு நார்மல் சார் என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

அந்தப் பெயரில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. வேறு பெருமைப்பட என்ன இருந்தது? படிப்பில் நடு, உயரத்தில் நடு, அண்ணன் தம்பிகளிலும் நடு. பிறந்தது முதல் யாரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் அவர் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு எண்ணும் அளந்து வைத்தாற்போல் சரியாக நடுவில் நிற்கும். முதல் நாள் ரிப்போர்ட்டை லேமினேட் செய்து மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருந்தார். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் அதைக் காட்டி, மனித ரத்தம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பாட்டம் வகுப்பெடுப்பார். கேட்பவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் அந்த ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி நகரத் தொடங்கியது. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டின் எண்ணிக்கை அல்ல, அது ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்குக் கீழே, பிளேட்லெட்டின் சராசரி அளவு என்று ஒரு வரி வரும். எண்ணிக்கையைப் பார்க்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளும் டாக்டர்கள்கூட அளவுக்கு வரும்போது கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள். ஒன்பதரைக்குச் சற்று மேலே, 9.6 என்று நின்ற அந்த எண் ஒருநாள் பத்தைத் தாண்டியது. ரத்தத்தை எடுத்துவிட்டு நேரங்கழித்து ஓட்டினால் குழாயில் இருக்கும் மருந்தில் பிளேட்லெட் ஊறிப் பருத்துவிடும் என்பது லேபில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அவர் எடுத்த கையோடு ஓட்டுகிறவர். ஆகவே ரத்தத்தில் பிழை இல்லை. ரத்தத்தில் பிழை இல்லையென்றால் மெஷினில்தான் பிழை. அவருடைய கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்தது.

மெஷினுக்குள் ஒரு திருத்த எண் உண்டு. தராசு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஒரு திருகு இருக்குமே, அதைப் போல. அவர் அதைக் கொஞ்சம் இறக்கினார். எண் பழைய இடத்துக்கு வந்து சமர்த்தாக உட்கார்ந்தது. நான்கைந்து மாதம் கழித்து மறுபடி ஏறியது. மறுபடி இறக்கினார். அது ஏற, இவர் இறக்க, இப்படியே ஆறு வருடம் போயிற்று. அவருக்கு உதவியாக இருந்த டெக்னீஷியன் பெண் மட்டும் ஒருநாள், எல்லோருக்கும் பிளேட்லெட் ஏன் சின்னதாகவே வருகிறது என்று கேட்டாள். கெட்டிக்காரப் பெண். இந்த ஊர்த் தண்ணீர் அப்படி என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டார்.

வீட்டில் அவருக்கு இன்னொரு புகழ் இருந்தது. தூக்கம். தலையணையில் தலை படுவதற்குள் குறட்டை கிளம்பிவிடும். முடிவெட்டப் போனால் நாற்காலியில் தூங்குவார், சிக்னலில் பஸ் நின்றால் தூங்குவார், மகள் கல்லூரிச் சமாச்சாரம் சொல்லிக்கொண்டிருந்தால் பாதியில் தூங்குவார். மனசில் கள்ளம் இல்லாதவனுக்குத்தான் இப்படித் தூக்கம் வரும் என்று அவரே சான்றிதழும் கொடுத்துக்கொள்வார். அவ்வளவு தூங்கியும் காலையில் எழும்போது தலை கனக்கும், நாக்கு உலர்ந்து ஒட்டும். மூன்று காபி இறங்கினால்தான் ஊசி பிடிக்கும் கை நிதானத்துக்கு வரும். சட்டைக் கழுத்துப் பொத்தான் போட முடியாமல் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. தையல்காரர்களுக்கு இப்போதெல்லாம் அளவெடுக்கத் தெரியவில்லை என்று அவர்கள்மேல் பழியைப் போட்டார்.

குறட்டை தாங்காமல் அவர் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்தாலும் சத்தம் விடவில்லை. மகள் அதற்கு ஜெனரேட்டர் என்று பெயர் வைத்தாள். ஓடிக்கொண்டே இருக்கும் சத்தம் சட்டென்று நிற்கும். "அம்மா, ஜெனரேட்டர் ஆஃப்" என்பாள் மகள். அந்த அமைதியில் இருவரும் அவசர அவசரமாகக் கண்ணை மூடித் தூங்கப் பார்ப்பார்கள். அது மறுபடி கிளம்புவதற்குள் தூங்கிவிட வேண்டும். ஆறேழு வருடமாக அந்த வீட்டில் இருவருக்கு நிம்மதி என்றால் அந்த அமைதிதான்.

லேபின் தரத்தைச் சோதிக்கிற ஆட்கள் வெள்ளிக்கிழமை வரப்போவதாக ஒருநாள் தகவல் வந்தது. டாக்டரம்மா பதறிப்போய் மெஷின் கம்பெனிக்குச் சொல்லியனுப்பினார். முதுகில் பை மாட்டிய சர்வீஸ் இன்ஜினியர் வியாழக்கிழமையே வந்து இறங்கினார். வாய் ஓயாமல் பேசுகிற மனிதர், மெஷினின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். திருத்த எண் ஒன்றில் இருக்க வேண்டியது, 0.76-இல் இருந்தது. அதை யார் இப்படி இறக்கியது என்று அவர் கேட்கவில்லை. கேட்காமல் நார்மல் சாரின் முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தார். அதுவே அவருக்குச் சுருக்கென்றது.

இன்ஜினியர் எண்ணைப் பழையபடி ஒன்றுக்கு ஏற்றினார். ஐஸ் பெட்டியிலிருந்து புதுக் கண்ட்ரோல் சீசாவை எடுத்து ஓட்டினார். சீசாவில் அச்சடித்திருந்ததும் திரையில் வந்ததும் ஒன்றாக இருந்தன. இரண்டாவது சீசா, மூன்றாவது சீசா, எல்லாம் அப்படியே. டெக்னீஷியன் பெண் தன் கையை நீட்டினாள். அவளுக்கு 9.3. கடைசியாக நார்மல் சாரின் காலைக் குழாயை வாங்கி ஓட்டினார்கள். 12.6 என்று வந்து, பக்கத்தில் அளவு மீறியதற்கான சிவப்பு நட்சத்திரமும் விழுந்தது.

"மெஷின் சரியா இருக்கு சார்" என்றார் இன்ஜினியர். அவ்வளவுதான் சொன்னார்.

நார்மல் சார் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. புதுக் குழாயில் எடுத்தார், 12.5. வேறு மருந்து போட்ட நீலக் குழாயில் எடுத்தார், அதிலும் பெரிதாகவே வந்தது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டை இழுத்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மெஷினைத் திட்டலாம், கண்ணை எப்படித் திட்டுவது? இருபத்தைந்து வருடமாகத் தூசு மாதிரிச் சின்னச் சின்னதாகப் பார்த்துப் பழகிய பிளேட்லெட்டுகள் அங்கங்கே கொழுத்து உருண்டிருந்தன. அவை அவருடையவை. மூன்றாவது தடவை ஊசியை எடுத்தபோது அந்தப் பெண் அவர் கையிலிருந்து அதை வாங்கிக் குப்பைப் பெட்டியில் போட்டாள். அவருக்கு வந்த கோபத்தை அவள்மேல் காட்ட முடியாமல் விழுங்கிக்கொண்டார்.

சாயங்காலம் டாக்டரம்மா அவரை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தார். திட்டுவார் என்று தயாராகப் போனவருக்கு அவர் திட்டாதது இன்னும் பயமாக இருந்தது. குறட்டை விடுவீர்களா என்று கேட்டார். காலையில் தலைவலி உண்டா என்று கேட்டார். அவரே கருவியை மாட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். 170-க்கு 104. டேப்பை எடுத்துக் கழுத்தைச் சுற்றி அளந்தார். தையல்காரர்கள்மேல் போட்ட பழி அந்த இடத்தில் தள்ளுபடி ஆயிற்று.

"அந்த எண்ணை மட்டும் வெச்சு நான் எதையும் முடிவு பண்ண மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "பிளேட்லெட் பெருசாகறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. ஆனா தூக்கத்துல மூச்சு அடைச்சுக்கிறவங்களுக்கு அது பெருசா இருக்கறதா சில ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. எல்லாருக்கும் இல்ல. அது ஒரு ஜாடை, அவ்வளவுதான். மத்தத உங்க உடம்பே சொல்லுது."

தூங்கும்போது தொண்டை தளர்ந்து வழியை அடைத்துக்கொள்ளும், காற்று போகாது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், உடம்பு திணறிப்போய் அரைகுறையாக விழித்து மூச்சை இழுக்கும், தூங்குகிறவருக்கு எதுவும் நினைவிருக்காது என்று அவர் விளக்கினார். பருத்த பிளேட்லெட் சுறுசுறுப்பானது, சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்றார். எங்கே ஒட்டிக்கொள்ளும் என்று நார்மல் சார் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். இதயத்தில் அடைப்பு வந்தவர்களின் ரத்தத்தை அவர் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறார், சிலருக்கு அடுத்த தடவை எடுக்க வேண்டியிருந்ததில்லை.

ஆறு வருடத்து ரிப்போர்ட்டுகளைப் பற்றி நார்மல் சாரேதான் பேச்செடுத்தார். அந்த ஒரு வரியை நம்பி யாரும் மருந்து எழுதியிருக்க மாட்டார்கள், ஆனாலும் எல்லோருக்கும் தகவல் போக வேண்டும், அதைத் தான் பார்த்துக்கொள்வதாக டாக்டரம்மா சொன்னார். அது அவருக்கு ஆறுதலாக இல்லை. தன்னைப் போலவே கழுத்துப் பொத்தான் போட முடியாத யாராவது ஒருவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கை நீட்டியிருப்பார். அவருக்கும் நார்மல் என்று இவரே எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

தூக்கப் பரிசோதனை செய்யும் ஆஸ்பத்திரியில் இரண்டே படுக்கைகள். பதினோரு நாள் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அதற்குள் மல்லாக்கப் படுக்க வேண்டாம், அழுத்தத்துக்கு இந்த மாத்திரையைப் போடுங்கள் என்ற டாக்டரம்மா, அவர் மனைவிக்கும் போன் போட்டார். குறட்டை இடையில் நிற்குமா, நின்றால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டார். நிற்கும், எவ்வளவு நேரம் என்று பார்த்ததில்லை என்று மறுமுனையில் மனைவி சொன்னது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நார்மல் சாருக்கும் கேட்டது. அப்படியானால் ஒருநாள் கூடவே உட்கார்ந்து அளந்து பாருங்கள் என்று சொல்லி டாக்டரம்மா போனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அளந்தார்கள். சாயம் ஏற்றும்போது நேரம் பார்க்கிற லேப் ஸ்டாப் வாட்சை அவரே கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்து, எப்படி அழுத்துவது என்று பாடமும் நடத்திவிட்டுப் படுத்தார். ஒரு மணி நேரம் தூங்கியிருப்பார். யாரோ தோளைப் பிடித்து உலுக்க, வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தார். மனைவியின் முகம் வெளிறியிருந்தது. நல்ல தூக்கத்தில் எழுப்பிவிட்டதற்காக எரிந்து விழுந்தார். மனைவி மகளின் நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டினார். பதினெட்டு, இருபத்திரண்டு, முப்பத்தொன்று என்று கீழே கீழே எழுதியிருந்தது. எண்ணினால் நாற்பத்து மூன்று தடவை. கடைசியில் ஐம்பத்தெட்டு என்று எழுதி, அதற்குமேல் எழுதவில்லை.

நார்மல் சார் தாளைப் பார்த்தார். ஸ்டாப் வாட்சை வாங்கினார். சுவர்க் கடிகாரத்தின் முன்னால் போய் நின்று ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்தார். செல்போனை எடுத்து அதோடும் ஒப்பிட்டார். பேட்டரியைக் கழற்றி மாட்டி மறுபடி ஓட்டினார். ஆறு வருடப் பழக்கம் ஒரு வியாழக்கிழமையில் போய்விடுமா? மனைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று கடிகாரமும் ஒரு நொடி பிசகாமல் ஒன்றாக ஓடின.

அவர் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்.

"நின்னுச்சுன்னா நீங்க நல்லா தூங்கறீங்கன்னு நெனச்சேங்க" என்றார் மனைவி. "சத்தம் நின்னாத்தான் எங்களுக்குத் தூக்கமே வரும். எப்ப நிக்கும் எப்ப நிக்கும்னு படுத்துக் கெடப்பேன்." தாளைக் கையில் மடித்து மடித்துச் சின்னதாக்கினார். நார்மல் சாருக்குத் தன்மேலும் மெஷின்மேலும் இருந்த கோபம் எல்லாம் போய்ப் பயம் மட்டும் மிஞ்சியது. ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாகத் தூங்கப் பயந்தார்.

அன்றிலிருந்து மனைவி பழைய அறைக்கே திரும்பி வந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பத்து நொடிக்கு மேல் சத்தம் நின்றால் உலுக்கி எழுப்பினார். எழுப்பினால் அவர் ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி விழுவார். மறுபடி எழுப்புவார். மகள் நானும் உட்காருகிறேன் என்று வந்தால், பரீட்சை இருக்கிறது போ என்று விரட்டிவிடுவார். பகலில் வீட்டு வேலையும் ஓய்ந்தபாடில்லை. நார்மல் சார் லேபுக்கு லீவு சொல்லிவிட்டார். அங்கே இப்போது சீசா ரத்தத்தில் மெஷின் ஓடுகிறது என்றும், சுவரில் இருந்த லேமினேட் தாளைக் கழற்றிவிட்டார்கள் என்றும் டெக்னீஷியன் பெண் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நல்லது செய்தீர்கள் என்றார்.

தேதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படுக்கவில்லை, தூங்கவும் போவதில்லை என்று தீர்மானமாக இருந்தார். எதிரே மனைவி, மடியில் ஸ்டாப் வாட்ச். மகள் கல்லூரியில். தெருவில் ஒரு வண்டி பின்பக்கமாக நகரும் பீப் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தூக்கத்தை விரட்ட ஏதாவது பேசிக்கொண்டிருக்கலாம் என்று, ஆஸ்பத்திரியில் மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு மாஸ்க் தருவார்களாம், அதைப் போட்டுக்கொண்டால் காற்றே தொண்டையைத் திறந்து வைக்குமாம், குறட்டையே இருக்காதாம் என்று சொன்னார். அப்படியா என்றார் மனைவி. குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

அந்த மாஸ்க் என்ன விலை இருக்கும் என்று கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நாலு நாளாகக் கண் மூடாதவரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கட்டைவிரல் பொத்தான்மேலேயே இருந்தது. மூச்சு ஒரே சீராக, மெதுவாக ஏறி இறங்கியது. எவ்வளவு அழகாகத் தூங்குகிறாள், பாவம், என்று இருந்தது அவருக்கு. தன் கண்ணிமைகள் கனப்பது தெரிந்தது. இப்போதே அவளை எழுப்பியாக வேண்டும் என்றும் தெரிந்தது. வாயைத் திறந்து அவளைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டதாகத்தான் அவர் நினைத்தார்.